பெரிய தியேட்டரில் புரொஜெக்டரும் சவுண்டும் மாற்றுவது எப்படி: டேப் பிடிப்பதிலிருந்து முதல் ஷோ வரை

800, 1000 இருக்கையும் பால்கனியும் உள்ள ஒற்றைத் திரை தியேட்டர் வைத்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். மேலே செனான் லாம்ப் போட்ட 2கே புரொஜெக்டர், கீழே பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிய 5.1 சவுண்டு, இனி லேசருக்கும், கூரையிலிருந்தும் ஒலி வரும் அட்மாஸுக்கும் போகலாமா என்ற யோசனை. நான் அதிகம் வேலை செய்தது இப்படிப்பட்ட தியேட்டர்களில்தான்.

பணம் வீணாவதைப் பெரும்பாலும் ஒரே இடத்தில் பார்க்கிறேன். முதலில் புரொஜெக்டரை வாங்கிவிடுகிறார்கள். அது வந்து இறங்கிய பிறகுதான் லென்ஸ் பொருந்தவில்லை, கேபினில் ஏ.சி. போதவில்லை, ஸ்கிரீன் பழசு, சுவர் எதிரொலிக்கிறது என்று ஒவ்வொன்றாகத் தெரிய வருகிறது. கீழே உள்ள வரிசையில் ஆர்டர் போடுவது 9-வது படி. அதற்கு முன்னால் உள்ள எட்டும் டேப், மீட்டர், கால்குலேட்டர் வேலை. செலவு குறைவு, ஆனால் தாண்டிப் போக முடியாது.

1. டேப்பும் மீட்டரும்

கேட்லாக் பார்ப்பதற்கு முன் ஒரு நாள் காலை ஷோ இல்லாத நேரத்தில் ஹாலுக்குள் போய் இவற்றை அளந்து எழுதுங்கள்: ஸ்கிரீனில் படம் விழும் அகலமும் உயரமும் (சட்டத்தின் அளவு வேண்டாம்), லென்ஸ் முனையிலிருந்து ஸ்கிரீன் நடு வரை தூரம், ஸ்கிரீனிலிருந்து கீழ்த்தளக் கடைசி வரிசை வரை நீளம், பால்கனி விளிம்பு தொடங்கும் இடம், பால்கனிக்கு அடியில் தரையிலிருந்து கூரை வரை உயரம், ஹாலின் உயரம், ஸ்கிரீனுக்குப் பின்னால் உள்ள ஆழம்.

தூரத்துக்கு லேசர் மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். 120 அடியை டேப்பில் அளந்தால் நடுவில் தொய்வு விழும்.

அடுத்து இன்றைய நிலையை அளக்க வேண்டும். வெள்ளைப் படம் போட்டு, நடு இருக்கையிலிருந்து ஸ்கிரீனின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் லூமினன்ஸ் மீட்டரால் படித்துக் குறியுங்கள். ஸ்கிரீன் வெளிச்சத்துக்கு டிஜிட்டல் சினிமாவின் அளவு நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட், அதாவது 48 நிட். பழைய லாம்ப் ஓடும் தியேட்டரில் 7, 8 என்று வந்தால் அதிர்ச்சி அடைய வேண்டாம். இந்தக் கணக்கு இல்லாவிட்டால், வேலை முடிந்த பிறகு எவ்வளவு முன்னேறியது என்று காட்ட உங்களிடம் ஒன்றும் இருக்காது.

ஆப்பரேட்டரிடம் உட்கார்ந்து பேசுங்கள். வேறு எவருக்கும் தெரியாதது அவருக்குத் தெரியும். ஒரு தியேட்டரில் நான் கேட்டதும் வந்த பதில்: "அண்ணே, ஃபேடரை நாலுலதான் வைப்போம். ஏழுல வெச்சா ஜனம் காதைப் பொத்திக்குது." ஃபேடர் என்பது சவுண்டைக் கூட்டிக் குறைக்கும் குமிழ். சினிமா பிராசஸரில் (ஒலியைப் பிரித்து ஸ்பீக்கர்களுக்கு அனுப்பும் பெட்டி) 7 என்பதுதான் அதன் சரியான நிலை. அதில் வைத்தால் காது வலிக்கிறது என்றால் ஹாலில் எதிரொலி இருக்கிறது, அல்லது உயர் ஒலிகளைத் தரும் ஹார்ன் டிரைவர் கிழிகிறது, அல்லது டியூனிங் போய்விட்டது. அந்த ஒரு வாக்கியம் எனக்கு இரண்டு நாள் வேலையை மிச்சப்படுத்தியது.

2. வெளிச்சக் கணக்கு

எத்தனை லூமன் (புரொஜெக்டர் தரும் ஒளியின் அளவு) வேண்டும் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள். நீங்களே போட்டுவிடலாம். அடியில் கணக்கிட்டால் சுலபம்: ஸ்கிரீனின் பரப்பு சதுர அடியில் × 14 ÷ ஸ்கிரீன் கெயின். கெயின் என்பது ஸ்கிரீன் ஒளியைப் பார்வையாளர் பக்கம் எவ்வளவு பலமாகத் திருப்புகிறது என்ற எண்.

50 அடி அகல ஸ்கோப் ஸ்கிரீன் என்று வைப்போம். ஸ்கோப் விகிதம் 2.39. உயரம் 50 ÷ 2.39 = 20.9 அடி. பரப்பு சுமார் 1,046 சதுர அடி. கெயின் 1 உள்ள வெள்ளை ஸ்கிரீனுக்கு 1,046 × 14 = ஏறத்தாழ 14,650 லூமன். பெரும்பாலோர் இங்கேயே நிறுத்திவிட்டு 15,000 லூமன் புரொஜெக்டரைத் தேடப் போகிறார்கள். இன்னும் மூன்று கழிவுகள் பாக்கி இருக்கின்றன.

முதல் கழிவு: ஸ்கோப் படம், புரொஜெக்டருக்குள் படத்தை உருவாக்கும் சிப்பின் முழு உயரத்தையும் பயன்படுத்துவதில்லை. 2கே சிப்பில் 1,080 வரிகளில் 858 மட்டுமே ஒளிரும். மீதி வரிகளின் வெளிச்சம் வீண். 14,650 ÷ 0.794 = சுமார் 18,450.

இரண்டாவது: கேபின் கண்ணாடி. சாதாரண கண்ணாடியின் ஒவ்வொரு முகமும் சுமார் 4 சதவீத ஒளியைத் திருப்பி அனுப்பும். இரண்டு முகத்துக்கும் சேர்த்து 8 சதவீதம் போக, தேவை 20,000-ஐத் தொடுகிறது.

மூன்றாவது: வயது. லேசருக்கு 20,000, 30,000 மணி நேரம் என்று ஆயுள் போட்டிருப்பார்கள். வெளிச்சம் எத்தனை சதவீதமாகக் குறையும்வரை அந்த ஆயுள் என்று கேளுங்கள். பெரும்பாலும் 50 சதவீதம் என்பார்கள். தினம் 4 ஷோ, ஷோவுக்கு 3 மணி நேரம் என்றால் வருடத்துக்கு 4,380 மணி. 20,000 மணி நாலரை வருடத்தில் முடிந்துவிடும். அதனால் முதல் நாளே முழுத் திறனில் ஓட வேண்டிய மெஷினை வாங்கக் கூடாது. குறைந்தது 20 சதவீதம் கையிருப்பு வையுங்கள்: 20,000 ÷ 0.8 = 25,000 லூமன்.

15,000 என்று தொடங்கிய கணக்கு 25,000-ல் வந்து நிற்கிறது. "லேசர் போட்டும் படம் இருட்டாத்தான் இருக்கு" என்று புலம்பும் தியேட்டர்களில் பெரும்பாலும் நடந்தது இந்தப் பிழைதான்.

லேசரில் இரண்டு வகை உண்டு. நீல லேசரைப் பாஸ்பர் சக்கரத்தில் அடித்து மற்ற நிறங்களை எடுப்பது ஒன்று. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி லேசர் வைப்பது மற்றது. 40 அடிக்குள் உள்ள ஸ்கிரீனுக்கு முதல் வகை பணத்துக்குத் தகுந்த பொருள். அதற்கு மேலே போகப் போக மூன்று லேசர் மெஷின்தான் தாங்கும் என்பது என் அனுபவம்.

3. லென்ஸும் கண்ணாடியும்

தூரத்தை அகலத்தால் வகுங்கள், லென்ஸ் எண் வரும். 120 அடி ÷ 50 அடி = 2.4. இது ஸ்கோப்புக்கு. அதே உயரத்தில் 1.85 விகித ஃபிளாட் படம் போட்டால் அகலம் 38.7 அடிதான், அப்போது எண் 3-ஐத் தாண்டும். வாங்கும் லென்ஸ் இந்த இரண்டையும் தன் எல்லைக்குள் வைத்திருக்க வேண்டும், இரண்டு ஓரத்திலும் கொஞ்சம் இடம் மிஞ்ச வேண்டும். ஸ்கோப்புக்கு மட்டும் பார்த்து லென்ஸ் எடுத்துவிட்டு, ஃபிளாட் படம் வந்த அன்று படம் ஸ்கிரீனை விட்டு மேலும் கீழும் வழிந்ததைப் பார்த்திருக்கிறேன்.

பழைய லென்ஸ் புது மெஷினில் சேரும் என்று நினைக்காதீர்கள். சிப் அளவு மாறினால் லென்ஸும் மாறும்.

கேபின் கண்ணாடியை இதோடு சேர்த்து மாற்றுங்கள். எதிரொளிப்பு தடுக்கும் பூச்சுள்ள கண்ணாடிக்கு ஆகும் செலவு மொத்த வேலையில் மிகச் சிறியது. கண்ணாடியைக் கொஞ்சம் சாய்த்துப் பொருத்தினால் திரும்பும் ஒளி லென்ஸுக்குள் போகாது.

ஒளிக்கற்றை போகும் பாதையில் யாருடைய தலையும் வரக் கூடாது. லேசரில் இது பாதுகாப்பு விதி. பால்கனியின் மேல் வரிசையில் ரசிகர்கள் இருக்கை மேல் ஏறி நின்று பேப்பர் பறக்கவிடும் முதல் நாள் முதல் ஷோவை மனதில் வைத்து உயரத்தைப் பாருங்கள். கற்றை தாழ்வாக இருந்தால் அந்த வரிசையை எடுத்துவிடுங்கள், அல்லது ஆள் நுழையாதபடி தடுப்புக் கட்டுங்கள்.

4. ஸ்கிரீன்

புது புரொஜெக்டரைப் பழைய ஸ்கிரீனில் அடிப்பது, அழுக்கு வேட்டிக்கு இஸ்திரி போடுவது போல. 10 வருட ஸ்கிரீனில் தூசி, சூடம் காட்டிய புகை, நீர்க்கசிவுக் கறை எல்லாம் படிந்திருக்கும். நடுவில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டிப் பாருங்கள். தாள் வெள்ளையாகவும் சுற்றியுள்ளது பழுப்பாகவும் தெரிந்தால் மாற்றும் காலம் வந்துவிட்டது.

3டிக்காக முன்பு சில்வர் ஸ்கிரீன் போட்டிருந்தால் இப்போது கழற்றுங்கள். கெயின் 2-க்கு மேல் இருப்பதால் நடு பளிச்சென்றும் ஓரம் மங்கியும் தெரியும். மூன்று லேசர் மெஷினை அதில் அடித்தால், வெள்ளைக் காட்சிகளில் மணல் தூவியது போல ஒளிப்புள்ளிகள் மின்னும். வருடத்துக்கு இரண்டு மூன்று 3டி படத்துக்காக மீதி எல்லாப் படத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். கெயின் 1 முதல் 1.4 வரை உள்ள வெள்ளை ஸ்கிரீன் போட்டு, 3டிக்கு ஷட்டர் கண்ணாடி வகையை வைத்துக்கொள்ளலாம்.

ஸ்கிரீன் துளையுள்ளதாக இருக்க வேண்டும், ஏனென்றால் வசனம் அதன் வழியாகத்தான் வருகிறது. முன்வரிசை அருகில் இருந்தால் சிறு துளை வகை கேளுங்கள்.

ஸ்கிரீனுக்கு முன்னால் ஏறி ஆட வசதியாக மேடை இருந்தால் அதை இடித்துவிடுங்கள், அல்லது உயர்த்தித் தடுப்பு வையுங்கள். பெரிய ஹீரோ படத்தின் முதல் ஷோவில் ஒரு கைப்பிடி நாணயம் போதும், புது ஸ்கிரீன் போய்விடும்.

5. ஹாலைக் கேளுங்கள்

ஏ.சி., விளக்கு எல்லாவற்றையும் நிறுத்தி, நடு ஹாலில் நின்று ஒரு முறை பலமாகக் கைதட்டுங்கள். "டப்" என்று அடங்கினால் நல்லது. "டப்-ப்ப்ப்ர்ர்" என்று உருண்டு போனால் இரண்டு எதிர்ச் சுவர்களுக்கு நடுவே ஒலி பந்து விளையாடுகிறது. பின்சுவரிலிருந்து தனி அடியாகத் திரும்பி வந்தால், வசனம் ஒவ்வொன்றும் இரண்டு முறை கேட்கும்.

பழைய தியேட்டர்களில் சுவரில் தேங்காய் நார்ப் பலகை வைத்து ரெக்ஸின் போர்த்தியிருப்பார்கள். தொட்டால் மெத்தென்று இருக்கும், அதனால் ஒலியை உறிஞ்சும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். ரெக்ஸின் காற்றை விடாது. உயர் ஒலிகள் அதில் பட்டுத் திரும்பிவிடும். "ச", "ஸ" எழுத்துகள் எல்லாம் கூராகக் குத்துவது அதனால்தான். ரெக்ஸினைக் கிழித்து, 50 மில்லிமீட்டர் ராக்வூல் வைத்து, காற்றுப் போகும் துணி போர்த்துங்கள். துணியை வாயில் வைத்து ஊதிப் பார்த்து வாங்குங்கள். மூச்சு மறுபுறம் வந்தால்தான் ஒலியும் போகும்.

முதலில் பின்சுவர், பிறகு ஸ்கிரீனைச் சுற்றிய பகுதி, பிறகு பக்கச் சுவர்கள், பால்கனி விளிம்பின் முன்முகம். பணம் குறைவாக இருந்தால் இந்த வரிசையில் செய்யுங்கள். பின்சுவரை மட்டும் சரிசெய்த தியேட்டரில் பழைய ஸ்பீக்கரிலேயே வசனம் தெளிந்ததைக் கேட்டிருக்கிறேன்.

இருக்கையும் கணக்கில் சேரும். துணி போட்ட புஷ்பேக் இருக்கை காலியாக இருந்தாலும் ஆள் உட்கார்ந்திருப்பது போல ஒலியை உறிஞ்சும். ரெக்ஸின் இருக்கை காலியாக இருந்தால் சுவர் மாதிரிதான்.

பிறகு ஏ.சி.யைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். காற்றுச் சத்தம் உங்கள் மெல்லிய பேச்சை மூடினால், படத்தின் அமைதியான காட்சிகளையும் மூடும். டக்ட் வாயை அகலமாக்கினால் வேகம் குறைந்து இரைச்சல் குறையும்.

6. அட்மாஸா, 7.1-ஆ: பால்கனிக்கு அடியில் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்

எல்லோரும் அதிகம் தடுமாறும் படி இது. அட்மாஸ் என்றால் கூரையில் இரண்டு வரிசை ஸ்பீக்கர், பக்கத்திலும் பின்னாலும் உள்ள ஒவ்வொரு சரவுண்டுக்கும் தனி ஆம்ப் சேனல், ஸ்கிரீனுக்கு அருகிலிருந்தே தொடங்கும் பக்க ஸ்பீக்கர்கள், பின்பக்கம் தனி சப்-வூஃபர். பிராசஸர் அதிகபட்சம் 64 ஸ்பீக்கர் வழிகள் வரை கொடுக்கும். ஒரு பெரிய ஹாலுக்கு 40, 50 ஸ்பீக்கர் சாதாரணம்.

இந்த அமைப்பின் உயிர், இருக்கையில் உள்ளவருக்குக் கூரை ஸ்பீக்கர் நேரடியாகத் தெரிவதில் இருக்கிறது. பால்கனிக்கு அடியில் உட்கார்ந்தவருக்குத் தெரிவது பால்கனியின் அடிப்பாகம் மட்டுமே.

ஒரு ஊரில் முதலாளி அட்மாஸ் என்று முடிவே செய்துவிட்டார். அவரைக் கீழே கடைசி வரிசையில் என் பக்கத்தில் உட்கார வைத்து, உதவியாளரை பால்கனி விளிம்புக்கு முன்னால், கூரைப் பக்கம் சாரத்தில் ஏறி நின்று சாவிக்கொத்தைக் குலுக்கச் சொன்னேன். "எங்கே கேக்குது சார்?" என்றேன். அவர் நேராக ஸ்கிரீனைக் காட்டினார். மேலே பறக்க வேண்டிய ஹெலிகாப்டர் முன்னால்தான் பறக்கும் என்பது அவருக்கு அந்த நொடியில் புரிந்துவிட்டது. அந்தத் தியேட்டரின் டிக்கெட்டில் பாதிக்கு மேல் அந்த இடத்தில்தான்.

ஆகவே முதலில் எண்ணுங்கள்: எத்தனை இருக்கை பால்கனிக்கு அடியில்? கால் பங்குக்குக் குறைவு என்றால் அட்மாஸ் போடலாம். அடியில் உள்ள பகுதிக்குச் சிறிய கூரை ஸ்பீக்கர்களைத் தனியாகப் போட்டு, தனி அளவும் தாமதமும் கொடுக்க முடியுமா என்று வடிவமைப்பவரோடு பேசுங்கள். பாதி இருக்கை அடியில் என்றால், நன்றாகச் செய்த 7.1 (கூரை ஸ்பீக்கர் இல்லாமல், பக்கத்திலும் பின்னாலும் நான்கு சரவுண்டு பகுதி) போடுவதே பார்வையாளருக்கு நியாயம். அல்லது பால்கனியைப் பிரித்து இரண்டாவது திரையாக்குவதைப் பற்றி யோசிக்கலாம். அது வேறு கணக்கு, வேறு அனுமதி.

கூரை ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டா, கான்கிரீட்டா என்று பாருங்கள். ஃபால்ஸ் சீலிங் சட்டத்தில் ஸ்பீக்கரைத் தொங்கவிடக் கூடாது. மேலே கூரையைத் தாங்கும் டிரஸ்ஸிலிருந்து தனி இரும்புச் சட்டம் இறக்கி, ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் போல்ட்டோடு தனியாக ஒரு பாதுகாப்புக் கம்பிக்கயிறும் கட்ட வேண்டும். டிரஸ் அந்தச் சுமையைத் தாங்கும் என்று கட்டடப் பொறியாளர் எழுதிக் கொடுக்க வேண்டும். அவர் எழுதித் தராமல் ஒரு துளையும் போடாதீர்கள்.

7. ஸ்பீக்கர், ஆம்ப், கேபிள்

அளவுகோல் இது: ஹாலின் நீளத்தில் மூன்றில் இரண்டு பங்குத் தூரத்தில், ஸ்கிரீன் சேனல் ஒவ்வொன்றும் சராசரி 85 டெசிபெல், அதற்கு மேல் 20 டெசிபெல் உச்சம், ஆக 105 டெசிபெல் கொடுக்க வேண்டும்.

100 அடி ஹாலில் அந்த இடம் 66 அடி, சுமார் 20 மீட்டர். 1 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்குப் போவதற்குள் 26 டெசிபெல் குறையும். ஸ்பீக்கரின் வாயில் 131 டெசிபெல் வேண்டும். 1 வாட்டுக்கு 101 டெசிபெல் தரும் ஸ்பீக்கர் என்றால் இன்னும் 30 டெசிபெல் தேவை. அது 1,000 வாட். மூடிய ஹாலில் சுவர்கள் கொஞ்சம் கைகொடுக்கும், ஆனால் அதை நம்பி ஆம்ப்பைக் குறைக்க வேண்டாம். சிறிய ஆம்ப் திணறும்போது வரும் கிழிந்த ஒலிதான் ஹார்ன் டிரைவரைக் கொல்லும்.

ஸ்கிரீன் ஸ்பீக்கரை முக்கோணக் கணக்கில் குறிவையுங்கள். ஹார்ன் வாய் ஸ்கிரீன் உயரத்தில் மூன்றில் இரண்டு பங்கில், நோக்கு அந்த மூன்றில் இரண்டு பங்கு இருக்கையை நோக்கி. பால்கனி உள்ள ஹாலில் ஒரே ஹார்ன் கீழேயும் மேலேயும் சமமாகப் போகுமா என்று பரவல் கோணத்தை வரைந்து பாருங்கள்.

கேபிளில் கஞ்சத்தனம் வேண்டாம். 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 40 மீட்டர் போய் வந்தால் சுமார் 0.6 ஓம் சேர்ந்துவிடும். 4 ஓம் சப்-வூஃபருக்கு அது பெரிய திருட்டு. சப்-வூஃபருக்கு 6 சதுர மி.மீ., ஸ்கிரீன் ஸ்பீக்கருக்கு 4 என்று வையுங்கள். ஆம்ப் ரேக்கையே ஸ்கிரீனுக்குப் பின்னால் வைத்தால் இந்தப் பிரச்சினை குறையும், ஆனால் அங்கே ஏ.சி.யும் எலித் தடுப்பும் வேண்டும்.

8. கரண்ட், எர்த்திங், ஏ.சி.

சவுண்டுக்குத் தனி எர்த் குழி. புரொஜெக்டர், படக் கோப்பு இருக்கும் சர்வர், பிராசஸர், ஆம்ப் எல்லாம் ஒரே எர்த்தில் சேர வேண்டும், விளக்கு டிம்மரும் கேண்டீனும் அதில் சேரக் கூடாது. நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே மீட்டர் வைத்தால் 2, 3 வோல்ட்டைத் தாண்டக் கூடாது.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஒரு தியேட்டரில் எல்லாம் முடிந்து முதல் வாரம் ஓடியது. இடைவேளைக்குப் பத்து நிமிடம் முன்னால் தினமும் இடது சரவுண்டில் "டப்" என்று ஒரு அடி, பிறகு மெல்லிய "ம்ம்ம்". மூன்று நாள் கேபினில் தேடினோம். நான்காம் நாள் கேண்டீனில் டீ குடிக்கும்போது, கேண்டீன்காரர் பாப்கார்ன் மெஷின் சுவிட்சைப் போட்டார். உள்ளே இருந்து அந்த "டப்" கேட்டது. பழைய வயரிங்கில் யாரோ எப்போதோ கேண்டீன் எர்த்தைச் சவுண்டு எர்த்தோடு சேர்த்திருந்தார்கள்.

புரொஜெக்டரின் கட்டுப்பாட்டுப் பகுதி, சர்வர், பிராசஸர் மூன்றும் ஆன்லைன் யூ.பி.எஸ்.ஸில் இருக்கட்டும். இ.பி. போய் ஜெனரேட்டர் எடுக்கும் சில நொடிகளில் சர்வர் அணைந்தால், அது மறுபடி எழ நிமிடக்கணக்கில் ஆகும். ஹாலில் விசில் பறக்கும்.

லாம்ப் இல்லை, அதனால் கேபினுக்கு ஏ.சி. வேண்டாம் என்று சிலர் நினைக்கிறார்கள். லேசருக்குத்தான் வெப்பம் ஆகாது. மெஷினும் ஆம்ப்பும் இழுக்கும் கரண்டில் ஒவ்வொரு 3.5 கிலோவாட்டுக்கும் 1 டன் என்று கணக்குப் போடுங்கள். இரண்டு ஏ.சி. வைத்து மாற்றி மாற்றி ஓட்டுங்கள், ஒன்று நின்றால் ஷோ நிற்கக் கூடாது.

9. ஆர்டர், உரிமம், கீ

இப்போது ஆர்டர் போடலாம். லூமன், லென்ஸ் எண், ஸ்பீக்கர் பட்டியல், கேபிள் நீளம் எல்லாம் உங்கள் கையில் இருப்பதால் மூன்று இடத்தில் ஒரே பட்டியலுக்கு விலை கேட்க முடியும்.

தமிழ்நாட்டில் தியேட்டர் ஓடுவது 1955-ஆம் வருட சினிமா ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ் பெற்ற 'சி' படிவ உரிமத்தில். கட்டட அமைப்பையோ மின் இணைப்பையோ மாற்றினால் கலெக்டர் அலுவலகத்திலும் மின் ஆய்வாளரிடமும் முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். வேலை முடிந்த பிறகு கேட்டால் திரை திறக்கும் தேதி அவர்கள் கையில்.

மறக்கப்படுவது கீ. படத்தின் கோப்பு உங்கள் சர்வரின் சான்றிதழுக்காகத் தயாரித்த கீ இருந்தால்தான் திறக்கும். சர்வரோ, படத்தின் பூட்டைத் திறக்கும் மீடியா பிளாக்கோ மாறினால் பழைய சான்றிதழ் செல்லாது. புது மெஷினின் சீரியல் எண்ணையும் சான்றிதழையும், கீ அனுப்பும் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் குறைந்தது ஒரு வாரம் முன்னால் அனுப்பி, பதிவாகிவிட்டது என்று பதில் வாங்கி வையுங்கள்.

தீபாவளி, பொங்கலுக்கு முந்தைய மாதத்தில் தொடங்காதீர்கள். மார்ச்சில் தேர்வு நடக்கும் வாரங்கள் வசதி.

10. எந்த வேலைக்குப் பிறகு எந்த வேலை

தூசி கிளப்பும் வேலை எல்லாம் முதலில், தூசியைக் கண்டால் சாகும் பொருள் கடைசியில். இந்த ஒரு விதியை வைத்தே வரிசையை அமைத்துவிடலாம்.

முதலில் பழைய புரொஜெக்டரைக் கழற்றுங்கள். செனான் லாம்ப் ஆறியிருந்தாலும் உள்ளே அழுத்தம் இருக்கும், கீழே விழுந்தால் வெடிக்கும். முகக்கவசம், கையுறை போட்ட ஆப்பரேட்டர் லாம்ப்பைத் தனியாக எடுத்து அதன் பெட்டியில் பூட்டிய பிறகுதான் மெஷினை நகர்த்த வேண்டும்.

பிறகு பழைய ஸ்கிரீன், பழைய ஸ்பீக்கர். அடுத்து கூரை இரும்பு வேலை, சுவர் வேலை, எர்த் குழி, பைப், கேபிள். கேபிளின் இரு முனையிலும் எண் எழுதுங்கள், 50 ஸ்பீக்கரில் அது இல்லாமல் பைத்தியம் பிடிக்கும். பிறகு பெயின்ட். ஸ்கிரீனைச் சுற்றியும் முன்கூரையிலும் மினுங்காத கறுப்பு. ஒரு வாரம் காயவிட்டு, ஹால் முழுவதும் வாக்வம் போட்டுச் சுத்தம் செய்யுங்கள்.

பிறகு ஸ்பீக்கர்களை ஏற்றி, ஒவ்வொன்றாக ஒலி வருகிறதா என்று பார்த்துவிட்டு, ஸ்கிரீனுக்குப் பின்னால் ஹார்ன் வாயைத் தவிர எல்லாவற்றையும் கறுப்புத் துணியால் மூடுங்கள். துளை வழியே போகும் ஒளி ஸ்பீக்கரின் வெள்ளிப் பட்டையில் பட்டுத் திரும்பினால் இருட்டுக் காட்சியில் பேய் போலத் தெரியும். அதன் பிறகே புது ஸ்கிரீன். கடைசியாகப் புரொஜெக்டர்.

11. படத்தைச் சரிசெய்வது

மெஷினை அரை மணி நேரம் ஓடவிடுங்கள். சூடாகும் வரை எண்கள் அசையும்.

சரிசெய்யும் வரிசை: இடம், ஃபோகஸ், வெளிச்சம், நிறம். சட்டப் படம் போட்டு நான்கு ஓரமும், ஸ்கிரீன் ஓரத்தை மறைக்கும் மாஸ்க்கிங் துணியில் சரியாக விழும்படி செய்யுங்கள். கேபின் உயரத்தில் இருப்பதால் படத்தின் அடிப்பக்கம் கொஞ்சம் அகன்று விழும். அதை மாஸ்க்கிங்கில் சில அங்குலம் விழுங்கிக்கொள்ளலாம். ஃபோகஸை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் நிற்கும் ஒருவர் வாக்கிடாக்கியில் சொல்லச் சொல்ல வையுங்கள். கேபினிலிருந்து கண்ணால் வைத்த ஃபோகஸ் எனக்கு ஒருபோதும் சரியாக வந்ததில்லை.

வெளிச்சம் நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட், மூலைகளில் நடுவின் முக்கால் பங்குக்குக் குறையாமல். வெள்ளையின் நிறம் கலர் மீட்டரில் x 0.314, y 0.351. மூன்று லேசர் மெஷினுக்குச் சாதாரண கலர் மீட்டர் தவறாகப் படிக்கும், ஸ்பெக்ட்ரோ வகை மீட்டர் உள்ளவரை அழையுங்கள். எல்லாவற்றையும் ஹாலின் நடு இருக்கையிலிருந்து, ஸ்கிரீனில் திரும்பி வரும் ஒளியை வைத்தே படிக்க வேண்டும்.

பிறகு முழுக் கறுப்புப் படம் போட்டுவிட்டு உட்காருங்கள். 'வெளியே' பலகையின் ஒளி ஸ்கிரீனில் விழுகிறதா? படி விளக்கு விழுகிறதா? அவற்றை அணைக்கக் கூடாது. சிறு தகடு வைத்துத் திருப்பிவிடலாம்.

12. சவுண்டு டியூனிங்

டியூனிங் இரவில் செய்யுங்கள். தெருச் சத்தம் இல்லாத நேரம் வேண்டும், ஏ.சி. ஷோ நேரத்தில் ஓடுவது போல ஓட வேண்டும்.

முதலில் போலாரிட்டி. இரண்டு சப்-வூஃபரில் ஒன்று தலைகீழாக இணைந்திருந்தால் ஒன்றையொன்று தின்றுவிடும். 9 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். பிளஸ் பிளஸ்ஸில் பட்டால் கூம்பு வெளியே வர வேண்டும்.

அடுத்து 30 ஹெர்ட்ஸிலிருந்து 200 வரை மெதுவாக ஏறும் ஒலியைச் சப்-வூஃபரில் விட்டு, ஹாலைச் சுற்றி நடங்கள். டக்ட் தகடு, சீலிங் பலகை, கதவுத் தாழ்ப்பாள், இருக்கை போல்ட் எல்லாம் ஒவ்வொரு இடத்தில் கிர்ரென்று காட்டிக்கொடுக்கும். சாக்பீஸால் குறித்து, இறுக்கி, மறுபடி ஓட்டுங்கள்.

பிறகுதான் மைக். குறைந்தது 5 இடம், காது உயரத்தில், ஒரே நேர்கோட்டில் இல்லாமல். முதல் செட் பால்கனிக்கு வெளியே இருக்கட்டும். அடியில் உள்ள இருக்கைகளை இதோடு கலந்து சராசரி எடுத்தால் இரண்டு பகுதியும் கெடும். எல்லா அதிர்வெண்ணும் கலந்த பிங்க் நாய்ஸ் இரைச்சலை விட்டு, ஸ்கிரீன் சேனலை எக்ஸ்-கர்வுக்குக் கொண்டுவாருங்கள்: 2 கிலோஹெர்ட்ஸ் வரை சமம், அதற்கு மேல் ஆக்டேவுக்கு (அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு முறைக்கும்) 3 டெசிபெல் இறக்கம். ஒரு பள்ளத்தை நிரப்ப ஈக்வலைஸரை 6 டெசிபெல்லுக்கு மேல் ஏற்ற வேண்டியிருந்தால் நிறுத்துங்கள். அது ஸ்பீக்கர் நோக்கிலோ சுவரிலோ உள்ள கோளாறு, அங்கேதான் தீர்க்க வேண்டும்.

ஸ்கிரீன் சேனல் ஒவ்வொன்றும் 85 டெசிபெல். 5.1, 7.1-ல் சரவுண்டு பகுதி ஒவ்வொன்றும் 82. ஊரில் பலரும் சரவுண்டு "கேட்கட்டும்" என்று இதை ஏற்றிவைக்கிறார்கள், வசனம் மூழ்குவது அங்கிருந்துதான் தொடங்குகிறது.

தாமதம்: ஒலி 1 மில்லிநொடியில் சுமார் 1.13 அடி போகும். 100 அடி தள்ளிக் கடைசி வரிசையில் இருப்பவருக்கு ஸ்கிரீன் ஒலி 88 மில்லிநொடி கழித்து வரும், தலைக்கு மேல் 10 அடியில் உள்ள சரவுண்டு உடனே வந்துவிடும். தாமதத்தைச் சரியாகக் கொடுக்காவிட்டால் வசனம் பின்னாலிருந்து வருவது போல இருக்கும். உதடும் ஒலியும் சேர்கின்றனவா என்று, கைதட்டும் காட்சி ஒன்றைப் போட்டு நடு இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். ஒரு ஃபிரேம் 42 மில்லிநொடி, இரண்டு ஃபிரேம் தவறினால் சாதாரண ரசிகருக்கே தெரியும்.

13. முதல் ஷோவும் அதன் பிறகு மூன்று மாதமும்

கீ வேலை செய்கிறதா என்பதை ரிலீஸ் அன்று காலையில் பார்க்காதீர்கள். கீ திறக்கும் நேரம் வந்ததும், ஆள் இல்லாத ஹாலில் முதல் ரீல் அளவுக்காவது ஓட்டிப் பாருங்கள். விளம்பரம், டிரெய்லர், படம் மூன்றுக்கும் இடையே ஒலி அளவு தாவுகிறதா என்று கேளுங்கள். விளம்பரம் கத்தினால் அதற்குத் தனி ஃபேடர் அளவு வையுங்கள், இல்லாவிட்டால் ஆப்பரேட்டர் விளம்பரத்துக்காகக் குறைத்ததைப் படத்துக்கு ஏற்ற மறந்துவிடுவார்.

முதல் வாரம் ஒவ்வொரு ஷோவிலும் வேறு வேறு இருக்கையில் உட்காருங்கள். பால்கனி மூலை, கீழ் முன்வரிசை, பால்கனிக்கு அடியில் கடைசி. ஹால் நிறைந்த பிறகு ஒலி சற்று மாறும். ஈக்வலைஸரைத் தொட வேண்டாம், ஃபேடரை அரைப் புள்ளி ஏற்றினால் போதும்.

இறுதி எண்கள் எல்லாவற்றையும், அதாவது ஐந்து இடத்து வெளிச்சம், நிறம், ஒவ்வொரு சேனலின் அளவு, தாமதம், ஆம்ப் குமிழ்களின் நிலை ஆகியவற்றை, ஒரு தாளில் எழுதி லேமினேட் செய்து ரேக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். செட்டிங் கோப்பை இரண்டு பென் டிரைவில் எடுத்து, ஒன்றை அலுவலக பீரோவில் வையுங்கள். 30 நாளில் ஒரு முறை, 90 நாளில் ஒரு முறை அதே நடு இருக்கையிலிருந்து மறுபடி படித்து, அதே தாளில் பக்கத்துக் கட்டத்தில் தேதியோடு எழுதுங்கள். வாரன்டியில் கேள்வி எழும்போது நீங்கள் நீட்ட வேண்டிய தாள் அது.